தூசு பிரிக்கும் டிரம்: சிறு மரவேலைப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பட்டறைத் தோழர்களே,

டேபிள் சா, பிளேனர், ரூட்டர், சாண்டர் என்று நாலைந்து மெஷின்களையும் மூன்று நான்கு ஆட்களையும் வைத்துக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே தொழில் நடத்துகிற உங்களுக்கும், வேலை நேரம் போக மொட்டைமாடியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் மரவேலை செய்கிற நண்பர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். காற்றிலிருந்து மரத்தூளைப் பிரித்துக் கீழே தள்ளும் டிரம் ஒன்றை நாமே செய்துகொள்ள முடியும். பிளைவுட் நம்மிடம் இருக்கிறது. ரூட்டர் இருக்கிறது. கைத்திறனுக்குக் குறைவில்லை. தடுமாற்றமெல்லாம் அந்த டிரம்மின் சுற்றுச்சுவருக்கான பிளாஸ்டிக் ஷீட்டில்தான். எதை வாங்குவது, எங்கே கேட்பது, எவ்வளவு வரை வளைக்கலாம் என்று தெரியாமல் பலர் தொடங்கிய வேலையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். செய்து முடித்த சிலருடைய டிரம்கள் சில வாரங்களிலேயே விரிசல் விட்டிருக்கின்றன. அந்த விவரங்களை உங்கள் முன் வைப்பதற்காகவே இந்த மடல்.

எதற்காக இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தூள் என்பது சாயங்காலம் கூட்டித் தள்ளினால் போய்விடும் குப்பை என்ற எண்ணம் நம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆஸ்பெஸ்டாஸும் புகையிலைப் புகையும் இருக்கும் அதே பிரிவு. மூக்கின் உட்குழியிலும் சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோயோடு மரத்தூளுக்கு உள்ள தொடர்பை வைத்தே அந்த முடிவு எடுக்கப்பட்டது. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஆகியவற்றை ஒட்டும் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் அதே முகமை 2004இல் முதல் பிரிவுக்கு மாற்றியது. தேக்குத்தூள் பட்டுத் தோல் தடித்து அரிப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் சுருளும் சிராயும் நம்மை அதிகம் கெடுப்பதில்லை. 10 மைக்ரானுக்குக் குறைவான பொடிதான் நுரையீரல் வரை போகிறது. மனிதத் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் என்றால் அந்தப் பொடியின் அளவை யோசித்துக்கொள்ளுங்கள். மெஷினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் அது காற்றில் மிதந்துகொண்டே இருக்கும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 14ஆம் பிரிவு தூசையும் புகையையும் பற்றியது. ஆனால் மின்சாரத்தில் மெஷின் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டம் வழக்கமாகப் பொருந்தியது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையை அது எட்டவில்லை. அதே மரம், அதே பிளேடு, அதே தூள். ஆனால் கேட்க ஆளில்லை. நம்மிடம் வேலைக்கு வரும் இளைஞர்களின் நெஞ்சுக்கு நாம்தான் பொறுப்பு. இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இனி வேலைக்கு வருவோம்.

காற்றைச் சுழல விட்டால் கனமான தூள் வெளிச்சுவரை நோக்கி ஒதுங்கும். சுவரில் உராய்ந்து வேகம் குறைந்து கீழே விழும். தூள் நீங்கிய காற்று நடுவிலிருக்கும் குழாய் வழியாக மேலே போகும். பெரிய ரம்ப ஆலைகளில் நிற்கும் கூம்பு வடிவ சைக்ளோன்கள் செய்வது இதைத்தான். அப்படி ஓர் ஆலை சைக்ளோனைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசனுக்குப் பையில்லாத வேக்குவம் கிளீனர் செய்யும் யோசனை வந்தது. 5,127 மாதிரிகள் செய்து பார்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நமக்கு அத்தனை பாடு வேண்டியதில்லை. மரவேலைக்காரர்கள் பலர் செய்து பார்த்துத் தேறிய அளவுகள் ஏற்கனவே இருக்கின்றன.

கூம்பு செய்யலாமா, தட்டையான டிரம் செய்யலாமா என்பது முதல் முடிவு. கூம்பு நன்றாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதை பிளாஸ்டிக் ஷீட்டில் செய்வது வேறு கதை. மேலே 300 மி.மீ. விட்டம், கீழே 100 மி.மீ. விட்டம், உயரம் 490 மி.மீ. உள்ள ஒரு கூம்பை எடுத்துக்கொள்வோம். சரிவு நீளம் 500 மி.மீ. வரும். அதை விரித்து ஷீட்டில் வரைந்தால் வெளி ஆரம் 750, உள் ஆரம் 250, கோணம் 72 டிகிரி. வரைவதும் வெட்டுவதும் எளிதுதான். மூன்றடிக்கு இரண்டடித் துண்டு போதும். சிக்கல் கீழ்முனையில் இருக்கிறது. அங்கே ஆரம் வெறும் 50 மி.மீ. அவ்வளவு இறுக்கமாகச் சூடில்லாமல் வளைய வேண்டுமானால் ஷீட் அரை மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அந்தத் தடிமன் சிராயின் அடியைத் தாங்காது. சூடேற்றி வளைக்க வேண்டுமானால் முழு ஷீட்டும் ஒரே சீராகச் சூடாகும் அடுப்பு தேவை. ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டிருந்தால் அலை அலையாகத்தான் வரும். ஆகவே என் முடிவு இது: கூம்புதான் வேண்டும் என்றால் இந்த அளவுகளை எடுத்துக்கொண்டு ஜி.ஐ. தகட்டில் வேலை செய்கிறவரிடம் போங்கள். சொந்தக் கையால், பிளாஸ்டிக்கில் செய்வதென்றால் தட்டையான டிரம்.

தட்டையான டிரம்மைப் பிரபலமாக்கியவர் பில் தீன் என்ற அமெரிக்க மரவேலை ஆர்வலர். டிரம்மின் அடித்தட்டில் சுவரை ஒட்டி 240 டிகிரிக்கு ஒரு நீள்வாய் இருக்கும். அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது 28 மி.மீ. மீதி 120 டிகிரி மூடியே இருக்கும். சுழலும் தூள் அந்த நீள்வாய் வழியாகக் கீழே உள்ள தொட்டிக்குள் விழுந்துவிடும். நடுவில் இருக்கும் தட்டு, விழுந்த தூளைக் காற்று மறுபடி கிளப்பிவிடாமல் தடுக்கும். மொத்த உயரம் ஒரு சாண்கூட வராது. கூரை தாழ்ந்த நம் பட்டறைகளுக்கு அதுவே பெரிய வசதி.

சரி, ஷீட். கடைக்குப் போய் "பிளாஸ்டிக் ஷீட்" என்று கேட்டால் கண்ணாடி போலத் தெரியும் எதையாவது எடுத்துப் போடுவார்கள். பெயர்ப்பலகைக் கடையில் கேட்டால் அக்ரிலிக் வரும். ஃபோட்டோ ஃபிரேம் கடைகளில் பாலிஸ்டைரீனையே அக்ரிலிக் என்று விற்பதும் உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். நமக்கு வேண்டியது மூன்றாவதான பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கண்டுபிடித்த பொருள் அது. கலவரத்தின்போது போலீஸ்காரர்கள் பிடிக்கும் ஒளி ஊடுருவும் கேடயம் இந்த ஷீட்தான். கல்லடிக்கு உடையாதது முடிச்சுத் துண்டுக்கா உடையப் போகிறது? குழாயில் மரத்தூள் தேங்காமல் போகக் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பிளேனரிலிருந்து கிளம்பும் ஒரு முடிச்சோ உடைந்த ஆணித் துண்டோ அக்ரிலிக் சுவரில் மோதினால் சுவர் கூரான சில்லுகளாகத் தெறிக்கும்.

அக்ரிலிக் வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு ஷீட்டைச் சூடில்லாமல் எவ்வளவு வளைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பாலிகார்பனேட்டுக்கு வளைவின் ஆரம் தடிமனைப் போல 100 மடங்காவது இருக்க வேண்டும். 2 மி.மீ. ஷீட் என்றால் 200 மி.மீ. ஆரம், அதாவது 400 மி.மீ. விட்டம். ஒன்றரை மி.மீ. என்றால் 300 மி.மீ. விட்டம் வரை இறங்கலாம். அக்ரிலிக்குக்கோ 300 மடங்குக்கு மேல் வேண்டும். அதே 2 மி.மீ. அக்ரிலிக்கை வளைத்து டிரம் செய்தால் விட்டம் 1,200 மி.மீ.யைத் தாண்ட வேண்டும். அதைவிட இறுக்கி வளைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகவே நிற்கும். சில வாரங்களில் உள்ளே மயிரிழை போலக் கீறல்கள் கிளம்பும், பிறகு திருகாணி போட்ட துளையிலிருந்து ஒரு விரிசல் ஓடும். விரிசல் விட்ட டிரம்களைக் காட்டி "மட்டமான ஷீட்டைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஷீட்டின்மேல் குற்றமில்லை, வளைத்த ஆரம்தான் தப்பு.

பெட்ஜி என்று இன்னொரு ஷீட் இருக்கிறது. மென்மையாக வளையும், 80 டிகிரி அளவிலேயே இளகிவிடுவதால் சூடேற்றி வடிவமைக்கவும் எளிது. அமெரிக்காவில் ஒளி ஊடுருவும் சைக்ளோன்களை விலைக்குச் செய்கிறவர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். இங்கே சில்லறையாகக் கிடைப்பது அரிது, கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். நம் ஊரில் மல்டிவுட் என்று சொல்கிற பி.வி.சி. ஃபோம் போர்டில் சுவர் செய்யலாமா என்று கேட்பார்கள். மூடிக்கும் அடித்தட்டுக்கும் அது பரவாயில்லை. சுவருக்குத் தடிமன் அதிகம், உள்ளே என்ன நடக்கிறதென்றும் தெரியாது. டிரம்மின் சுவர் கண்ணாடி போல இருப்பதை நான் வலியுறுத்துவது அழகுக்காக அல்ல. கீழே தொட்டி நிறைந்துவிட்டால் தூள் பிரிவது நின்று, எல்லாம் நேரே தூசு இழுப்பானின் ஃபில்ட்டருக்குப் போய்விடும். அதை வெளியிலிருந்தே பார்த்து மெஷினை நிறுத்த முடிய வேண்டும்.

பாலிகார்பனேட்டுக்கு நீங்கள் பெரிய பிளாஸ்டிக் வியாபாரியைத் தேடிச் சென்னை பாரிமுனைக்கு வர வேண்டியதில்லை. கார் ஷெட்டும் மொட்டைமாடிக் கூரையும் போடுகிற வெல்டிங் பட்டறைகள் எந்த ஊரில் இல்லை? அவர்கள் கூரைக்கு விரிக்கும் கெட்டி ஷீட் பாலிகார்பனேட்தான். 8-க்கு 4 அடி ஷீட்டாகவும் 4 அடி அகலச் சுருளாகவும் வருகிறது. ஒவ்வொரு கூரை வேலையிலும் கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும். அது சுவரோரம் சாய்ந்து கிடக்கும். அதைக் கேளுங்கள். கேட்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உள்ளே அறை அறையாக இருக்கும் மல்டிவால் ஷீட் வேண்டாம். அதன் ஓட்டைகளில் தூள் புகுந்து காற்றும் கசியும். மேற்பரப்பில் வைரக்கட்டம் போல் புடைப்பு இருக்கும் ஷீட் வேண்டாம். உட்சுவர் வழவழப்பாக இருந்தால்தான் தூள் வழுக்கி ஓடும். வெயிலைத் தாங்கும் பூச்சு இல்லை என்று மலிவாகக் கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள். கூரைக்குக் கீழே நிற்கப்போகும் டிரம்முக்கு அந்தப் பூச்சு தேவையே இல்லை.

கிடைத்த துண்டு உண்மையிலேயே பாலிகார்பனேட்டா என்று கண்டுபிடிக்க அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டிக் குறட்டால் மடித்துப் பாருங்கள். பாலிகார்பனேட் உடையாமல் இரண்டாக மடியும், மடிந்த இடம் வெளுக்கும், அவ்வளவுதான். அக்ரிலிக்கும் பாலிஸ்டைரீனும் பட்டென்று முறியும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சிறு சில்லைத் திறந்த வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். தீயை விலக்கியதும் கரும்புகை விட்டுத் தானாக அணைந்தால் பாலிகார்பனேட். சடசடவென்ற சத்தத்தோடு தித்திப்பான வாசனை விட்டு எரிந்துகொண்டே இருந்தால் அக்ரிலிக்.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நம்மிடம் எளிதாகக் கிடைக்கும் 110 மி.மீ. பி.வி.சி. குழாயை வைத்தே இந்தக் கணக்கு. டிரம்மின் உள் விட்டம் 420 மி.மீ., ஆரம் 210. 2 மி.மீ. ஷீட்டுக்கு 200 போதும் என்பதால் இது பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது. முழு வட்டத்தின் சுற்றளவு 1,319 மி.மீ. ஆனால் 4 அடிச் சுருளின் குறுக்கே வெட்டிய துண்டு 1,220 மி.மீ. நீளம்தான். அது போதாதே என்று கலங்க வேண்டாம். காற்று உள்ளே நுழைய டிரம்மின் பக்கவாட்டில் தொடுகோடாக ஒரு மரப்பெட்டி வரப்போகிறது. அந்தப் பெட்டியின் உள் அகலம் 75 மி.மீ. அது திறந்திருக்கும் இடத்தில் சுவர் வேண்டியதில்லை அல்லவா? வட்டத்தில் ஏறக்குறைய 50 டிகிரியை அந்தப் பெட்டியின் வாயே எடுத்துக்கொள்கிறது. மீதி 310 டிகிரிக்குச் சுவர் நீளம் 1,136 மி.மீ. நம்மிடம் 84 மி.மீ. மிச்சம். அதை வைத்து இரு முனைகளையும் பெட்டியில் பொருத்திவிடலாம். இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மை, ஷீட்டின்மேல் ஷீட்டை ஏற்றி ஒட்டும் மூட்டே டிரம்மில் கிடையாது. பெட்டியின் வெளிச்சுவரில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி செதுக்கி ஷீட்டின் தொடக்க முனையை அதில் உட்கார வையுங்கள். காற்றை எதிர்த்து ஒரு விளிம்பும் தலை நீட்டக் கூடாது. நீட்டினால் சுருள் அங்கே மாட்டி, ஒன்றோடொன்று பின்னி, வாயையே அடைத்துவிடும்.

பெட்டியின் உள் உயரம் 125 மி.மீ. 75-ஐயும் 125-ஐயும் பெருக்கினால் வரும் பரப்பு 110 குழாயின் உள் பரப்பைவிடச் சற்று அதிகம். மரப்பெட்டி எதற்கு, குழாயின் முனையையே ஹீட் கன்னால் இளக்கிச் சதுரமாக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே சுற்றளவில் அதிகப் பரப்பை அடக்குவது வட்டம்தான். அதைச் சதுரமாக நசுக்கினால் காற்று போகும் வழியில் 21 சதவீதம் போய்விடும். பி.வி.சி.யைக் கருக விட்டால் வரும் அமிலப் புகை வேறு. வட்டத்திலிருந்து செவ்வகத்துக்கு மாற்றுவதைப் பிளைவுட்டில் செய்வது நம் தொழில்தானே.

ஆக ஷீட்டின் அகலம்: உயரம் 125, மேல் மூடியிலும் அடித்தட்டிலும் 6 மி.மீ. ஆழக் காடிக்குள் இறங்க 12, மொத்தம் 137. 140-ஆக வெட்டிக்கொண்டு பிறகு இழைத்துச் சரிசெய்யுங்கள். 1,220-க்கு 140 துண்டின் எடை அரைக் கிலோகூட இல்லை. கூரைக்காரர் எடைக்கு விற்றாலும் சதுர அடிக்கு விற்றாலும் இந்த வேலையில் மிகக் குறைந்த செலவு இதுவாகத்தான் இருக்கும்.

வெட்டும்போது ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தை உரிக்காதீர்கள். அக்ரிலிக்கைப் போலக் கீறி மடக்கி உடைப்பது இதில் நடக்காது. நுண்பல் பிளேடு போட்ட ஜிக்சாவை வேகம் குறைத்து ஓட்டுங்கள். வேகம் கூடினால் ஷீட் உருகி, வெட்டிய இடம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். 2 மி.மீ. தானே, தகரம் வெட்டும் கத்தரியாலும் வெட்டலாம். எப்படி வெட்டினாலும் ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு வெட்டுக்காயத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். லேசர் கட்டிங் செய்கிற கடையில் கொடுக்க வேண்டாம். அக்ரிலிக் லேசரில் அழகாக வெட்டுப்படும், பாலிகார்பனேட் கருகிப்போகும். பி.வி.சி.யை லேசரில் வைக்கவே கூடாது.

வளைக்கச் சூடு வேண்டாம் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், பாலிகார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். தொழிற்சாலைகளில் அதை 120 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்திய பிறகே வடிவமைப்புக்குச் சூடேற்றுவார்கள். உலர்த்தாமல் சூடு காட்டினால் உள்ளிருக்கும் ஈரம் கொதித்து ஷீட் முழுவதும் கொப்புளமாகிவிடும். கடலோர ஊர்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. வெறுங்கையால், இரண்டு பேராக, நிதானமாக வளைத்தாலே போதும்.

அடித்தட்டுக்கு 18 மி.மீ. பிளைவுட். ரூட்டரை ஒரு ஆணியை மையமாக வைத்துச் சுற்றும் பட்டியில் பொருத்தி, 3 மி.மீ. பிட்டால் 420 விட்டத்தில் காடி எடுங்கள். 2 மி.மீ. ஷீட்டுக்கு 3 மி.மீ. காடி தளர்வாக இருக்கும். அந்தத் தளர்வு தேவை. பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.065 மி.மீ. நீளும். தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் நம் சுவர் ஒன்றரை மி.மீ. நீண்டு சுருங்கும். ஷீட்டின் ஒரு முனையை மட்டும் இறுக்கிப் பிடியுங்கள். மறுமுனைத் துளைகளை நீள்துளையாக விடுங்கள். 4 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ. துளை, ஓரத்திலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே, வாஷர் கட்டாயம். மரத்தில் புதைகிற கூம்புத்தலைத் திருகாணியை இதில் போட்டால் ஆப்பு அடித்தது போலப் பிளந்துவிடும்.

காடி எடுத்த பிறகு அதன் உட்புறம் சுவரை ஒட்டி 240 டிகிரிக்கு 28 மி.மீ. அகல நீள்வாயை அடிவரை வெட்டுங்கள். மூடியிருக்கும் 120 டிகிரிப் பகுதி காற்று நுழையும் இடத்துக்கு நேர் கீழே வரட்டும். நீள்வாய் வெட்டிய இடத்தில் காடியின் உள்கரை போய்விடுமே, ஷீட் உள்ளே சரியாதா என்றால், சரியாது. வளைத்த ஷீட் எப்போதும் நிமிரப் பார்க்கும். அந்த விசையே அதை வெளிக்கரையோடு அழுத்தி நிறுத்தும். மூடியின் நடுவில் 110 குழாய் இறங்கும். அதன் கீழ்முனைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே 50 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடுங்கள். மூடியையும் அடித்தட்டையும் வெளிப்பக்கமாக நாலைந்து 8 மி.மீ. திரெட் ராடு போட்டு இறுக்கிவிட்டால் டிரம் தயார்.

இணைப்புகளை அடைக்கும் சிலிக்கானில் கவனம் தேவை. வினிகர் வாடை வீசும் சாதாரண சிலிக்கான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் அந்த ஷீட்டின் பக்கமே போகக் கூடாது. பாலிஷ் போட்ட கையோடு தின்னர்த் துணியால் டிரம்மையும் ஒரு துடை துடைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வளைந்து இறுகி நிற்கும் பாலிகார்பனேட்டில் அது பட்டால் கண் முன்னாலேயே கீறல் விழும். சோப்புத் தண்ணீர் போதும். இன்னொன்று: அக்ரிலிக் ஒட்ட நம் ஊரில் குளோரோஃபார்மை ஊசியில் ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் ஆளை மயக்கி அறுவை செய்யப் பயன்பட்ட பொருள் அது, கல்லீரலைக் கெடுக்கும். மூடிய அறையில் அதை முகர்ந்துகொண்டு வேலை செய்யும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் டிரம்மில் ஒட்டும் வேலையே இல்லை.

இந்த டிரம் புளோயர் வகைத் தூசு இழுப்பானுக்கு உரியது, வீட்டு வேக்குவம் கிளீனருக்கு அல்ல. புளோயர் இழுக்கும் வலு இரண்டரை கிலோபாஸ்கல் அளவு. 420 மி.மீ. மூடியின்மேல் அது 35 கிலோ பாரமாக விழும், பிளைவுட் தாங்கும். வேக்குவம் கிளீனரின் குழாய் அடைத்துக்கொண்டால் வலு 20 கிலோபாஸ்கலுக்கு ஏறும். அதே மூடியின்மேல் அப்போது 280 கிலோ. 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவை வேக்குவம் கிளீனரோடு இணைத்து அது அப்பளமாக நொறுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். கீழ்த் தொட்டிக்கு மூடியும் வளையமும் உள்ள இரும்பு டிரம் நல்லது. மூடிக்குச் சுற்றிலும் ஃபோம் டேப் ஒட்டுங்கள். தொட்டியில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் விழுந்த தூள் திரும்ப மேலே ஏறும்.

நெருப்பைப் பற்றி. வெல்டிங், கிரைண்டிங் வேலை நடக்கும் இடத்தின் குழாயை இதோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். பழைய மரத்தை அறுக்கும்போது பிளேடு ஆணியில் பட்டுச் சிவந்த பொறி ஒன்று தொட்டிக்குள் போனால், அது தூளுக்குள் மணிக்கணக்காகக் கனன்று, நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றும். பழைய மரம் அறுத்த நாளில் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். தூள் உரசி ஓடும்போது பிளாஸ்டிக் சுவரில் நிலைமின்சாரம் ஏறும், கை வைத்தால் சுருக்கென்று அடிக்கும். ஒரு செம்புக் கம்பியை உட்சுவரோரம் ஓட்டி எர்த்தில் இணைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

இந்த டிரம்மால் முடியாததையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சுருள், சிராய், பெருந்தூள் ஆகியவற்றில் பெரும்பகுதியை இது பிடித்துவிடும். நுரையீரலுக்குப் போகும் மிக நுண்ணிய பொடியில் கணிசமான பங்கு இதைத் தாண்டிப் போகும். அதற்கு நல்ல ஃபில்ட்டர் வேண்டும், அல்லது புளோயரின் வாயை ஆளில்லாத வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். டிரம் இருப்பதால் ஃபில்ட்டர் சீக்கிரம் அடைபடாது, அடைபடாத ஃபில்ட்டரால்தான் புளோயர் முழு வேகத்தில் இழுக்க முடியும். நுண்பொடியும் மெஷினின் வாயிலேயே பிடிபடும். டிரம்மின் பெரிய பயன் அதுதான். சாண்டர் ஓட்டும்போதும் எம்.டி.எஃப். அறுக்கும்போதும் என்95 முகக்கவசம் அதற்குப் பிறகும் வேண்டும். கழுத்துத் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது பெருந்தூளை மட்டும்தான் தடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மரவேலைக்காரர் சங்கம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். சங்கம் இல்லையென்றால் ஒரே தெருவில் இருக்கும் நாலைந்து பட்டறைகளாவது சேருங்கள். கூரைக்காரரிடம் 2 மி.மீ. தெளிவான பாலிகார்பனேட் ஷீட் ஒன்று, 8-க்கு 4 அடி அளவில், முழுதாக வாங்குங்கள். குறுக்கே 140 மி.மீ. பட்டைகளாக வெட்டுங்கள். வெட்டுச் சேதாரம் போக அதிலிருந்து 17 பட்டைகள் கிடைக்கும். 17 பட்டறைகளுக்கு அது போதும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்